வாப்பாவின் ஜும்ஆ சவர்க்காரம்

வெள்ளிக்கிழமை இரவு, அக்குறணை.

கையால் செய்த சவரச் சவர்க்காரங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, கோப்பையில் நுரைத்து மணம் பார்ப்பது என் பைத்தியம். சந்தனமும் புகையிலையும் கலந்த ஒன்றைப் போன மாதம் வாப்பாவுக்குக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நண்பகலின் ஜும்ஆத் தொழுகைக்கு முன் ஒவ்வொரு வாரமும் அவர் தாடியை விட்டுக் கன்னத்தை மழிப்பார்.

போன சனிக்கிழமைதான் டப்பாவின் அடியிலிருந்த சிறிய எழுத்தை வாசித்தேன். பன்றிக் கொழுப்பு. நான் சொல்லவில்லை. சவர்க்காரமானபின் கொழுப்பு வேறு பொருளாகிவிடும், ஹராமில்லை என்கிற அறிஞர்களை வாரம் முழுவதும் தேடி வாசித்தேன். அவர்கள் நாங்கள் பின்பற்றும் மத்ஹபின், சட்ட வழியின், அறிஞர்கள் அல்லர்.

இன்றும் அதைப் பூசித்தான் வாப்பா தொழப் போனார். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"மகள், பள்ளியில தொழவைக்கிற ஹஸ்ரத் என்னை மோந்து பார்த்தாரு. என்னா ஹாஜியார், புதுமாப்பிள்ள மாதிரி ஈக்கீங்க எண்டாரு. அவருக்கும் ஒண்டு எடுத்துக் குடுங்க."

"இப்ப அது வாறல்ல வாப்பா."

"அப்ப என்டதுல பாதிய வெட்டிக் குடுக்குறன்."

அவர் மாலை அஸர் தொழுகைக்குப் போனதும் டப்பாவை எறிய எடுத்தேன். ஒருமுறை முகர்ந்தேன். எறிய மனம் வரவில்லை. என் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் ஒளித்துவிட்டேன்.

டப்பாவைக் காணவில்லை, எதையும் எடுத்த இடத்தில் வைப்பதில்லை என்று வாப்பா கீழே உம்மாவை ஏசிக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் இறங்கிப் போகவில்லை.