ஒன்பது எலிகளும் ஒரு வால்வும்

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

படக்காரன் எழுதுவது. இங்கே எல்லாம் நலம் என்று தொடங்கலாம்தான். ஆனால் ஒரு பொய் இரண்டு வருடமாகக் கையிருப்பில் இருக்கிறது; இன்னொன்றைச் சேர்க்க மனமில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். குழாய் எப்போதோ சரியாகிவிட்டது.

அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளை இவ்வளவு நரைத்துவிட்டாரே என்று வருத்தப்பட்டார்கள். சொட்டு மருந்தை நானே வேளாவேளைக்குப் போட்டுவிடுகிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

போன வாரம் நீ எழுதியதை நாலைந்து முறை படித்தேன். அதே மருந்து, அதே வகை எலி, தொடையில் அதே புற்றுக்கட்டி. ஆனாலும் மூன்றாவது தடவையும் பழைய முடிவு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம் வேலை பார்க்கும் பெண் ஊசி போடுவதில் எங்கேயோ கோட்டை விடுகிறாள், மாதக் கடைசியில் அவளை அனுப்பிவிடப் போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அனுப்பாதே. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. நீயும் செய்யவில்லை. செய்தவன் நான்.

நாம் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்த கடைசி வருடம். எலிக்குக் கட்டி வளர்த்து மருந்து கொடுப்பது உன் வேலை, ஸ்கேன் எடுப்பது என் வேலை. கட்டிக்குள் ஆக்ஸிஜன் எட்டாத இடம் கதிர்வீச்சுக்கு லேசில் மசியாது. அந்த இடத்தை உன் மருந்து சுருக்குகிறதா என்று பார்த்தோம். வாலில் ஏற்றும் திரவம் ஆக்ஸிஜன் குறைந்த இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும், படத்தில் அது வெளிச்சமாகத் தெரியும். காய் நறுக்கிக்கொண்டே நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் இதெல்லாம். அதனால்தானே வாத்தியாரம்மா ஆனாய்.

மருந்து கொடுத்த பத்து எலிகளும் சோர்ந்து போயிருந்தன. திரவம் ஏற்றியதிலிருந்து படம் முடியும்வரை இரண்டு மணி நேரம் அவை மயக்கத்தில் இருக்க வேண்டும். முதல் எலி என் மேசையிலேயே செத்துப்போனது. நீ கையுறையைக்கூடக் கழற்றாமல் சுவரோடு சாய்ந்து நின்றாய்.

“இன்னொன்னு போச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க” என்றாய்.

நீ எலிக்கூடத்துக்குப் போன சமயம் அடுத்த எலிக்கும் மூச்சு விட்டுவிட்டு வந்தது. மயக்க மருந்தைச் சுமந்துபோகும் வெறும் காற்றை நிறுத்திவிட்டு ஆக்ஸிஜன் வால்வைத் திறந்தேன். மூச்சு சீராகிவிட்டது. மீதி எட்டுக்கும் முன்ஜாக்கிரதையாக முதலிலிருந்தே ஆக்ஸிஜன் கொடுத்தேன். மருந்து கொடுக்காத எலிகள் தெம்பாக இருந்தன, அவற்றுக்கு வெறும் காற்றே ஓடியது. பதிவுத்தாளில் எல்லாவற்றுக்கும் ‘காற்று’ என்றுதான் அச்சடித்திருந்தது. நான் அதைத் திருத்தவில்லை. ஒன்பதும் பிழைத்தன. உன்னைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு அன்று ஒரே பெருமை.

படத்தில் வெளிச்சம் சுருங்கியது உன் மருந்தால் இல்லை. நான் ஊட்டிய ஆக்ஸிஜனால்.

அப்போது இது எனக்கு உறைக்கவில்லை என்றால் நம்புவாயோ என்னவோ. நீ மாநாட்டு மேடையேறி, இரண்டு பக்க எலிகளும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தன என்று சொன்னபோதுதான் அந்த வால்வு ஞாபகத்துக்கு வந்தது. மூன்றாவது வரிசையில் இருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் உனக்கு வெளிநாட்டில் இந்த வேலை கிடைத்த செய்தி வந்துவிட்டது. நீ பெட்டி அடுக்கும்வரை தள்ளிப்போட்டேன், விமானம் ஏறும்வரை தள்ளிப்போட்டேன், அப்புறம் தள்ளிப்போடுவதே பழக்கமாகிவிட்டது. உன் நிம்மதிக்காக மறைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் புளுகு. உன்னிடம் எனக்கு இருக்கும் மதிப்பு போய்விடுமே என்று பயந்தேன், அவ்வளவுதான்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றிய தேதிகள் என் சட்டைப்பை நோட்டில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தையும் இந்தக் கடிதத்தையும் படமெடுத்து இன்றே உனக்கு அனுப்புகிறேன். தபாலில் போட்டால் மாதக் கடைசி தாண்டிவிடும், அந்தப் பெண் பாவம். நாளைக் காலை ஆய்வுக்கூடத் தலைவரிடம் நானே நேரில் போய்ச் சொல்லப்போகிறேன். வேலையில் வைத்துக்கொள்வாரா தெரியாது. அவர் இடத்தில் நான் இருந்தால் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த முடிவை வைத்து வெளியிட்ட கட்டுரையை நீ திரும்பப் பெற வேண்டியிருக்கும். எட்டு மாத உழைப்பும் அதற்குப் பிறகு கட்டிய எல்லாமும் அதோடு போகும் என்று எனக்குத் தெரியும். அதன் கடைசியில், கை நடுங்காத படக்காரருக்கு நன்றி என்று என் பெயரைப் போட்டிருந்தாய். அந்தப் பெயரை வெட்டிவிடாதே. பிழை யாருடையது என்று எழுதும் இடத்தில் அதைப் போடு.

இனிமேல் எந்த எலிக்காவது மூச்சுத் திணறினால் மயக்க மருந்தைக் குறைக்கச் சொல். அப்படியும் செத்தால், செத்தது என்றே எழுதச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் கை மேல் சந்தேகப்படாதே, அது நல்ல கை. அடுத்த மாதம் வருவதற்கு டிக்கெட் எடுத்திருந்தாய். வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அத்தை புதுக் கண்ணால் உன்னைப் பார்க்க நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுச் சாவி பழையபடி பக்கத்து வீட்டில்தான் இருக்கும். நான் இல்லாத நேரமாகப் பார்த்துக்கூட நீ வரலாம்.

இப்படிக்கு,
உன் படக்காரன்