சோப்ரானோ இரண்டு

23 நவம்பர் 1997, ஞாயிறு

எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டின் இசைக்குறிப்பு இந்த வருஷம் கம்ப்யூட்டரில் அடித்து வந்தது. அடித்தவள் ஸ்டெல்லா. ஒவ்வொரு குரலின் வரிக்கு முன்னாலும் தண்டில்லாத இரண்டு புள்ளி. அந்தக் குரல் எதுவரை இறங்கணும், எதுவரை ஏறணும் என்று காட்டுமாம்.

போன வருஷம் வரை சோப்ரானோவுக்கு, அதாவது பெண்களின் உச்சக் குரலுக்கு, ஒரே வரி. இன்று இரண்டு. இரண்டாவது வரியின் மேல் புள்ளி 'டி' சுரத்தில் நிற்கிறது. என் குரலும் சரியாக அங்கேதான் நிற்கும். தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் அதற்கு மேலே வெறும் வாயைத்தான் அசைக்கிறேன். ஆவடி ரயிலில் ஸ்டெல்லாவிடம் மட்டும் சொல்லி அழுதேன்.

பாட்டு மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கிரேஸ், நீங்க ரெண்டாவது வரி. பின்னாடி போய் நில்லுங்க."

டீ குடிக்கும்போது ஸ்டெல்லாவைப் பிடித்து, மாஸ்டரிடம் சொன்னது நீதானே என்று கேட்டேன்.

"உன் நல்லதுக்குத்தாண்டி சொன்னேன். எத்தினி நாளிக்கு ஏமாத்திக்கினு இருப்பே?"

பதினாலு வருஷம் பக்கத்தில் நின்று பாடியவள். ஏமாற்றுகிறேனாம்.

திரும்பப் பாடினோம். அவள் முதுகுக்குப் பின்னால்தான் எனக்கு இடம். முதல் வரியின் உச்சப் புள்ளி, மேல் 'ஏ' வந்தது. எனக்கு அங்கே வேலையில்லை, சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா தலையை நிமிர்த்தினாள், தோளைத் தூக்கினாள். சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை காதை அவள் பக்கம் கொண்டுபோனேன். அப்போதும் இல்லை. அவளே போட்ட புள்ளி, அவளுக்கே எட்டவில்லை.

அடுத்த ஞாயிறு மாஸ்டரிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

அவள் நல்லதுக்குத்தான்.