கெரன்சாவிடம் சொல்லி அனுப்பியது

நவம்பர் 3
தென்மேற்குக் காற்று. ஒரு படகும் இறங்கவில்லை. மத்தியானமே 'கோணல் துடுப்பு' பப்புக்குப் போய்விட்டேன். அடுப்போரம் என் இடம், ஜன்னலோரம் அண்ணன் ராய்ஸ்டன் இடம். நடுவே பேச்சில்லாத பதினொரு வருஷம். கடைக்காரி கெரன்சாவிடம் சொன்னேன்: "அவன்கிட்ட சொல்லு, அவன் படகுக் கயிறு தேஞ்சு போச்சு." அவள் நாலடி நடந்து சத்தமாகச் சொன்னாள். எப்போதும் வருகிற அதே பதில் வந்தது: "காதுல விழுந்துச்சுன்னு சொல்லு." எனக்கும்தான் விழுந்தது. இருந்தாலும் அவள் திரும்பி வந்து சொல்லும்வரை காத்திருந்தேன். அதுதான் முறை.

ரொம்ப இருமுகிறான். அதை யாரும் வந்து சொல்லத் தேவையில்லை.

நவம்பர் 9
ஐந்து நாளாக ஜன்னலோரம் காலி. "நுரையீரலாம். ஆஸ்பத்திரி வேணாம்னு வீட்லயே படுத்துட்டாரு. கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொன்னாராம்" என்றாள் கெரன்சா.

"நான் விசாரிச்சேன்னு சொல்லிடு."

இடுப்பில் கை வைத்தாள். "முடியாது ஹெட்லி. பதினோரு வருஷமா ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம தூது போயாச்சு. என் கால் இந்தக் கடைக்குள்ளதான் நடக்கும். உங்க வாயைத் தூக்கிக்கிட்டு அவரு வீட்டு மேடு ஏறாது. எதுக்காகப் பேச்சை விட்டீங்களோ, அதைப் போய்ப் பேசுங்க."

நவம்பர் 10
போகவில்லை. மழை என்று எழுதிக்கொள்கிறேன். மழை இல்லை.

நவம்பர் 12
பேச்சை விட்ட காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரு சீட்டாட்டம்! யூக்கர், கோப்பைக்கான கடைசிக் கை. நானும் அண்ணனும் ஜோடி, எதிரே போல்மேரன் ஊர்க்காரர்கள். நல்ல சீட்டு விழுந்த மிதப்பில் "நான் தனியா ஆடுறேன்" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டால் ஜோடி தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். தோற்றேன். அண்ணன் கவிழ்த்ததைத் திருப்பினான் — பென்னி. துருப்பையெல்லாம் அடிக்கிற சீட்டு. ஊரே பார்த்தது.

"தப்பு என்னுது" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "நீ ஜாடை காட்டியிருக்கலாமே" என்றேன். யாரைப் பார்த்து! வாழ்நாளில் சீட்டில் கள்ளம் ஆடாதவனைப் பார்த்து.

நாளைக்குப் போகிறேன். இரண்டே வார்த்தைதானே?

நவம்பர் 13
கெரன்சா சுட்டுக் கொடுத்த கறி பாஸ்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கட்டிலின் காலடியில் அவன் நாய் மாட். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவன் நாயிடம் சொன்னான்: "மாட், வந்தவனை உக்காரச் சொல்லு."

உட்கார்ந்தேன். "மாட், பாஸ்டி கொண்டாந்திருக்கேன். தின்பானான்னு கேளு."

"தின்பேன்னு சொல்லு. ஓரம் உனக்குத்தான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் அவனுக்கு இருமல் கிளம்பியது. முதுகைத் தடவினேன். வெறும் எலும்பு. அந்த இரண்டு வார்த்தையும் வாய்வரை வந்தன. அதையும் நாயிடமா சொல்வது? நேராகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ்வரை இருக்கிறதே என்றும் நினைத்தேன். எழுந்துவிட்டேன்.

வாசல்வரை வந்ததும், "மாட், ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு" என்றான்.

நவம்பர் 15, சனி
விடியும்போது போய்விட்டான். ஐயோ, இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதாடா.

நவம்பர் 28
அடக்கத்துக்குப் பிறகு இன்றுதான் பப்புக்குப் போனேன். மாட் இப்போது என் காலடியில் படுக்கிறது. பியர் பாதி ஆனதும் கெரன்சாவைக் கூப்பிட்டேன்.

"அவன்கிட்ட சொல்லு... அன்னைக்குத் தப்பு என்னுது."

என்னையே பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அந்த நாலடி நடந்தாள். காலி நாற்காலியைப் பார்த்து, வழக்கமான சத்தத்தில், "ராய்ஸ்டன், அன்னைக்குத் தப்பு அவருதுதானாம்" என்றாள். பதிலுக்கு எப்போதும் எவ்வளவு நேரம் நிற்பாளோ, அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னான்?"

ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் தோளில் கை வைத்து அழுத்திவிட்டு, மேசை துடைக்கப் போய்விட்டாள்.