டைனமோவுக்கு மேலேயிருந்த தகடு

ஆரையம்பதி
17.06.2025

அன்புள்ள மகன் நிதுர்ஷன்,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். அப்பாவும் தங்கச்சி அஜந்தாவும் உறங்கும் வரைக்கும் பொறுத்திருந்தேன். உடம்புக்கு எங்கள் ஒருவருக்கும் குறையில்லை, நீயும் அந்த டோகா வெயிலில் சுகமாக இருக்க வேண்டும் என்று மாமாங்கப் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்குகிறேன். போனில் சொன்னால் பாதியில் குரல் உடைந்துவிடும், அதனால் கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீ வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகு வாசி, வாகனத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு வாசிக்காதே. அம்மப்பாவின் காருக்கு நீ அனுப்பிய பட்டியலில் முதலாவதாக எழுதியிருந்த எஞ்சின் கிடைத்துவிட்டது மகன். ஆனால் அதோடு காணாமல்போன அம்மப்பாவுக்கு என்ன நடந்தது என்பதும் தெரிந்துவிட்டது. அதை என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். ஏறாவூர் நௌஷாட்டின் பழைய பாகக் கடைக்கு மூன்று தரம் போனேன். மொறிஸ் மைனருக்கு ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு சீசீ எஞ்சின் வேண்டுமென்றால் இப்பவே ஏற்றிவிடலாம், ஐம்பத்தொன்பதாம் ஆண்டுக் காரில் வந்த தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு இந்தப் பக்கத்தில் இல்லை என்றார். காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சினுக்கு மாறாகப் போட்டால் பதிவில் கரைச்சல் வரும், காருக்கும் அது சரியில்லை என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சிரித்து, “தங்கச்சி, உங்கட மகன் காருக்கு எஞ்சின் தேடுறாரா, பொண்ணு தேடுறாரா? இவ்வளவு பொருத்தம் பாக்கிறாரே” என்றார். அப்பாவும் வழக்கம்போல அந்தக் கார்க் கூட்டை இரும்புக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார் என்றுதான் சொன்னார். போன கிழமை நௌஷாட்டே கோல் எடுத்தார். வவுணதீவுப் பக்கத்தில் இராசதுரை என்று ஒருவர் பழைய மொறிஸ் எஞ்சினைப் பம்போடு பூட்டி வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறார், பார்க்கலாம் என்றார். அம்மப்பாவின் காரை எஞ்சினில்லாத கூடாக வலையிறவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கண்டெடுத்து மதுரன் மாமா டிரக்டரில் கட்டி இழுத்து வந்தவர் என்பது உனக்குத் தெரியும். வவுணதீவும் அந்தப் பக்கம்தான், இருந்தும் அது என் புத்திக்கு வரவேயில்லை. படித்த பிள்ளை என்று பெயர்தான்.

இன்று காலையில் நௌஷாட்டின் ஓட்டோவில் போனோம். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நீ சொன்ன மாதிரி டைனமோவுக்கு மேலே எஞ்சின் இலக்கம் பொறித்த சின்னத் தகட்டைத் தேடினேன், கிறீசும் சேறும் கல்லாகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிச் சீலைத் தலைப்பால் துடைத்து, புத்தகத்தின் கொப்பியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். கடைசி இலக்கம் வரைக்கும் ஒன்று. நான் கைதட்டிச் சிரித்தேன் மகன். இதுதான் நௌஷாட் நானா, இதுதான் என்று கத்தினேன். பிறகு இராசதுரையைப் பார்த்து, ஐயா இதை எங்கே வாங்கினீர்கள் என்று சந்தோசமாகக் கேட்டேன். அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் பெல்ட்டைக் கழற்றி மெசினை நிற்பாட்டிவிட்டு வரம்பில் குந்தினார். எழுபது தாண்டிய ஆள். “புள்ள, நீ கோணாமலையண்ணன்ட மகளா? அந்தாள்ர சட்டைப் பைக்குள்ள பேர் போட்ட லைசன் இரிந்திச்சு” என்றார். தொண்ணூறாம் ஆண்டு அந்தக் கார் வயல் வட்டையின் ஓரத்தில் கதவு திறந்தபடி மூன்று நாள் நின்றதாம். யாரும் கிட்டப் போகவில்லை. மூன்றாம் நாள் இருட்டியதும் இவரும் இவருடைய தம்பியும் போய் உயிரில்லாமல் கிடந்த அம்மப்பாவை வரம்புக்கு அப்பால் நின்ற மருதமரத்தடியில் குழி வெட்டித் தாட்டிருக்கிறார்கள். அடுத்த நாள் எஞ்சினைக் கழற்றியிருக்கிறார்கள். “ஆள்ர உசிர எடுத்தது நாங்க இல்ல புள்ள. கிடந்த ஆளத் தாட்டம், நிண்ட எஞ்சினக் கழட்டினம். சொல்லப் பயத்தில இரிந்தம், பிறகு சொல்ல வெக்கமாப் போயிற்று” என்றார். அந்த மரம் எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஆனால் நான் கிட்டப் போகவில்லை. எனக்கு அப்போது ஆறு வயது. அன்று அம்மப்பா நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வருகிறேன் என்று போனவர்.

நீ கேட்பாய் என்பதால் இதையும் எழுதுகிறேன். பிளொக் நல்லது, சிலிண்டருக்குப் புது ஸ்லீவ் அடித்தால் காரிலும் ஓடும் என்று நௌஷாட் சொல்கிறார். ஹெட் பிற்காலத்தது, காபரேட்டரும் வேறு. வெள்ளிக்கிழமை இராசதுரையின் மகன் புது மெசின் கொண்டு வருகிறாராம், அதோடு பழையது இரும்புக்குப் போய்விடும். அதற்கு முதல் வந்தால் எஞ்சினைச் சும்மா தருகிறேன், தாட்ட இடத்தையும் காட்டுகிறேன், தன் பெயரை மட்டும் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டார். நான் ஓம் என்றுவிட்டேன்.

ஆனால் மதுரன் மாமாவை என்ன செய்ய மகன்? முப்பத்தைந்து வருடமாக அம்மப்பாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு அரசாங்கக் கந்தோர் விடாமல் ஏறி இறங்குகிற மனுசன். ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடினால் இறந்த எல்லோருடைய பெயரையும் சொல்லுவார், அம்மப்பாவின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார், உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளும் தண்ணீரும் கொடுக்கக்கூடாது என்பார். அவரிடம் சொன்னால் அன்றே பொலிசுக்குப் போவார். இராசதுரை பயந்து நான் சொல்லவேயில்லை என்பார். எஞ்சினைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு போவார்கள், நீ ஆவணியில் லீவில் வரும்போது அந்தக் கூடு இப்போது போலவே நிற்கும். சொல்லாமல் எஞ்சினை மட்டும் கொண்டு வந்து பூட்டினால், அது ஓடுகிற ஒவ்வொரு தரமும் நான் என் அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

விடிந்ததும் மாமாவிடம் சொல்வதென்று முடிவெடுத்துவிட்டேன். அந்தக் கிழவருக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன் என்பது தெரிந்துதான் செய்கிறேன். ஆத்திரப்படாமல் முதலில் மரத்தடிக்கு மட்டும் வா, மற்றதை இராசதுரையோடு இருந்து பேசுவோம் என்று கெஞ்சிப் பார்ப்பேன். மாமா கேட்பாரோ தெரியாது. கேட்காவிட்டால் எஞ்சின் போய்விடும். இரண்டு வருடமாக நீ ஆசைப்பட்ட காரை உன்னிடம் கேட்காமல் இழக்க எனக்கு மனமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். என் பேச்சை விட உன் பேச்சை மாமா கேட்பார், நீயும் அவரோடு பேசு.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி, ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே போகாதே. அம்மப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு இருக்கட்டும், முதல் தடவையாக இப்படி எழுதுகிறேன். விடிவதற்கு முதல் ஒரு வரியாவது பதில் போடு மகன்.

அம்மா
கேதீஸ்வரி