காய்ந்த பிறகு வந்த கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அப்பாவுக்குக் கொரோனா தொற்று உறுதியாகிவிட்டது. நானும் கடை ஆட்களும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், அதனால் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

கடை திறக்குமுன் எல்லோரும் மூக்கில் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும் என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். திங்கட்கிழமை எல்லோருக்கும் ஒரே கோடு, அதாவது ஒன்றுமில்லை. பார்த்து முடித்த சோதனை அட்டைகளைக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். எந்தச் சரக்கு வந்தாலும் மாதிரிக்கு ஒன்று எடுத்து வைத்தே பழகின கை, ஆள் பேரெழுதிக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவிட்டது. மறுநாள் ஷட்டரைத் தூக்கிப் பார்க்கிறேன், அட்டைகளில் இரண்டாவது கோடு வந்திருக்கிறது, சாம்பல் நிறத்தில் மெல்லிசாக, உள்ளேயிருந்து யாரோ பென்சிலால் இழுத்த மாதிரி. பூட்டின கடை, சாவி என் இடுப்பில். அப்பாவின் அட்டை மட்டும் சுத்தம். பெட்டி கட்டுகிறவர் தன் அட்டையைப் பார்த்துவிட்டு, நான் வீட்ல இருக்கறப்போ என் மூச்சு இங்கேயே இருந்துச்சாம்மா என்று கேட்டார். அப்பாவோ, நான் ஒருத்தன்தான் சுத்தம், கல்லாவை இனிமே என்கிட்ட குடு என்று சிரித்தார்.

பரிசோதனைக்கூடத்துப் பெண் வந்து என்னைத்தான் திட்டினாள். கால் மணி நேரத்துக்குள்ள பாக்கணும்க்கா, அப்புறம் காஞ்சு வர்ற கோட்டுக்கு அர்த்தமே கிடையாது என்றாள். சந்தேகம் தீர எல்லோருக்கும் பிசிஆர் எடுத்தாள். முடிவு வந்தது, கோடு வந்தவர்கள் யாருக்கும் தொற்று இல்லை, அப்பாவுக்கு மட்டும் இருக்கிறது. ஆரம்பத்தில் கிருமி குறைவாக இருந்தால் அட்டைக்குத் தெரியாதாம், பிசிஆர் அதைப் பெருக்கிக் கண்டுபிடித்துவிடுமாம். அவர் அட்டையில் கோடு வராதது வெறும் தற்செயல் என்றாள். நானும் சரி என்றேன். ஆனாலும் அந்த அலமாரியைத் துடைக்கச் சொன்னால் ஆளுக்கொரு அவசர வேலை வந்துவிடுகிறது, நானும் அதட்டுவதில்லை.

அப்பா மாடி அறையில் தனியாக இருக்கிறார். இருமல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, ரேடியோவோடு சண்டை போடுகிறார். விரலில் மாட்டுகிற கருவியில் ஆக்சிஜன் எண் மட்டும் தினமும் கொஞ்சம் இறங்குகிறது. இறங்குவது அவருக்கே தெரியவில்லை, அதுதான் எனக்குப் பயம். சிலருக்கு உடம்பு சொல்லாதும்மா, கருவியத்தான் நம்பணும் என்று டாக்டர் சொன்னார். இன்று காலை தொண்ணூற்றைந்து.

நீ வேளைக்குச் சாப்பிடு, கூட்டத்தில் நிற்காதே, தொண்டை கரகரத்தால் வெட்கப்படாமல் சோதித்துக்கொள், முடிவை நேரத்துக்குள் பார். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

டிக்கெட் போடாதே, காரணம் இருக்கிறது. மதியம் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக, எண் எவ்வளவுக்கு இறங்கினால் ஆஸ்பத்திரி என்று பேசி முடித்தோம். தொண்ணூறுன்னு வச்சுக்கோயேன் என்றார். வாடிக்கைக்காரர்களுக்கு விட்டுக்கொடுப்பவள்தான், இதில் ஒன்றுகூட இறக்கவில்லை. மணிக்கொரு தரம் ஜன்னல் கண்ணாடியில் விரலைக் காட்ட வேண்டும். தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் வாய் பேசாமல் ஆம்புலன்சில் ஏற வேண்டும். அதற்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று, உன்னை வரவழைக்கக் கூடாது. ஒப்புக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா