அருவிக்குப் போன வாட்ச்

தாது வருஷம் (1936), ஆனி 20, வெள்ளி

ஐந்தருவிப் பக்கம் முதலாளியின் பங்களாவில் இன்றைக்கு மூன்று வாட்ச். காலை ஆறு மணிக்கு முதலாளி, விருந்தாளிகள் வாட்சுக்கெல்லாம் சாவி கொடுப்பது என் வேலை, இருபத்தாறு சீசனாக. எழுத்துத்தான் தெரியாது, இதைக்கூடக் கடற்கரையாகிய நான் சொல்ல மகள் வள்ளித்தாய் எழுதுகிறாள்.

முதலாளி நம்பிராஜனுடையது மெலிந்த தங்கச் சதுரம். சாயங்காலம் சட்டைக் கைக்குள் கட்ட லாயக்கு. வியர்வை பட்டாலே கோபித்துக்கொள்ளும். டாக்டருடையது குதிரை மேலிருந்து பந்து ஆடுகிறவர்களுக்குச் செய்தது. புரட்டினால் கண்ணாடி உள்ளே போய் முதுகு வெளியே வரும். அடி தாங்கும், தண்ணீர் தாங்காது. மதுரைப் பஞ்சு வியாபாரி சங்கரபாண்டியுடையது புதுசு. தண்ணீர் புகாமல் சிப்பி மாதிரி மூடிக்கொள்ளும். குமிழைத் திருகித் திறந்து, சாவி கொடுத்து, அமுக்கித் திரும்பத் திருகி இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் அதுவும் சாதா வாட்ச்தான்.

"என் வாட்சு ஐந்தருவிக்குள்ளயே குளிக்கும் வேய். உம்மது பீரோவுக்குள்ளதான் குளிரும்" என்றார் சங்கரபாண்டி.

"குளிச்சுட்டு வந்து ஓடுதான்னு பாப்போம்" என்றார் முதலாளி.

ஆனி 21, சனி

போச்சு. சிப்பி வாட்சின் கண்ணாடிக்குள் தண்ணீர். முள் எட்டு இருபதில் நிற்கிறது. குமிழ் திறந்து கிடந்ததாம்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கும்போது சங்கரபாண்டி அதைக் கழற்றி எங்கள் பங்களா டிரைவர் பரீதிடம் கொடுத்திருக்கிறார். தேய்த்து முடித்ததும் வாங்கிக் கட்டிக்கொண்டு அருவிக்குள் போயிருக்கிறார்.

"ஓடுதான்னு காதுல வச்சுக் கேட்டேன் மொதலாளி. அவ்வளவுதான்" என்றான் பரீது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். எந்த விருந்தாளி எந்த வருஷம் எத்தனை பெட்டியோடு வந்தார் என்று என்னைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

"வேய் கடற்கரை, காலையில திருகி இறுக்கினீரா?"

"இறுக்கினேன்."

அதோடு தீர்ந்தது, பழி பரீது மேல் விழுந்து வேலை போயிற்று. கார் சாவியை மேசையில் வைத்துவிட்டுத் தன் ஊர் வடகரைக்கு நடந்தே போனான்.

ஆனி 22

புது டிரைவர் வந்தாயிற்று. சங்கரபாண்டி ஊருக்குப் போய்விட்டார்.

ஆனி 25

நல்ல சாரல். பரீது ஏன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை? தப்புச் செய்தவன் அப்படித்தான் இருப்பான். — அப்படித்தானா?

ஆனி 28, சனி

இன்றைக்கும் எண்ணெய்க் குளி. எண்ணெயைக் காய்ச்சி, விரலை விட்டுச் சூடு பார்த்துவிட்டு, டாக்டர் வாட்சுக்குச் சாவி கொடுத்தேன். வழுக்கியது. குமிழ் சுற்றவில்லை, விரல்தான் சுற்றியது. கைக்கு என்னவோ குமிழ் சுற்றின மாதிரியே இருந்தது.

போன சனிக்கிழமை, சிப்பி வாட்சுக்குச் சாவி கொடுத்து முடித்த நேரம், "எண்ணெய் காஞ்சிட்டா?" என்று முதலாளி சத்தம் போட்டார். போய்ச் சூடு பார்த்து, வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு வந்துதான் குமிழைத் திருகினேன். துடைத்தால் எண்ணெய் போயிருமா? ஏலே கடற்கரை, என்னத்தலே இறுக்கின?

வள்ளித்தாய் பேனாவை நிறுத்திவிட்டாள். "இத எழுதணுமாப்பா?"

எழுது என்றேன்.

ஆனி 29

முதலாளியிடம் சொன்னேன். "விடும் வேய். உம்ம பேச்ச நம்பித்தான ஆள அனுப்பினேன்? இப்ப மாத்துனா நாலு பேரு என்னையில்லா சிரிப்பான்? வயசாயிட்டு உமக்கு."

ஆனி 31

செங்கோட்டை வரை மாட்டு வண்டி, அங்கிருந்து வடகரைக்கு நடை. பரீதின் பெண்டாட்டி ஜைனப் என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னும் என்ன விசாரிக்க வந்திய அண்ணாச்சி?"

விஷயத்தைச் சொன்னேன். பரீது உள்ளேயிருந்து வந்து நின்றான். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"நீங்க மறந்து நான் பாத்ததே இல்ல. இறுக்கினேன்னு நீங்க சொல்லவும், நாந்தான் அறியாமத் திருகிட்டேன் போலன்னு நெனச்சேன். பத்து நாளா என் கையத்தான் அண்ணாச்சி ஏசிக்கிட்டு கெடக்கேன்."

ஐயோ! தன் கையை நம்பாமல் என் வாயை நம்பியிருக்கிறான்.

"இத எங்க வீட்டு வாசல்ல சொல்லி என்ன?" என்றாள் ஜைனப். "பங்களாவுல சொல்லுங்க, எல்லார் காதுலயும் விழுத மாதிரி."

ஆடி 2

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையில் டாக்டரும் இன்னும் நாலு விருந்தாளிகளும் இருந்தார்கள். முதலாளியின் முகம் கறுத்தது.

டாக்டர் இலையிலிருந்து கையை எடுத்தார். "செஞ்சவரே வந்து சொல்லுதாரு நம்பிராஜன். அந்த டிரைவரக் கூப்பிடும்."

"அப்ப இவரு இங்கன இருக்க முடியாது" என்றார் முதலாளி.

"சரி மொதலாளி" என்று வந்துவிட்டேன்.

ஆடி 3

ஆறு மணிக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆடி 11

காலையில் எங்கள் வீட்டின் முன் கார் வந்து நின்றது. பழையபடி பரீதுதான் ஓட்டி வந்திருந்தான். இறங்கவில்லை.

"அண்ணாச்சி, டாக்டரு சம்சாரத்தோட வந்தது எந்த வருசம்னு மொதலாளி கேட்டுட்டு வரச் சொன்னாரு."

நாலு வருஷத்துக்கு முன், ஆடி அமாவாசைக்கு மறுநாள் என்றேன். எதற்கும் பங்களாச் சமையல்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றேன்.

"அவருட்ட மொதல்லயே கேட்டுட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லி வண்டியை எடுத்தான்.