அந்தப் பக்கம் பிடிக்க ஆள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம், வண்டிதான் சுகமில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. அங்கே நீயும் மருமகளும் என் வாலுப் பேத்தியும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும். ஃபோனில் சொல்லலாம் என்றால் நாலு வார்த்தைக்குள் "சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். குறை சொல்லவில்லை, உன் வேலை அப்படி. ஆனால் இதை நீ நடுவில் வெட்டாமல் கேட்க வேண்டும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். காகிதத்தில் அங்கங்கே கிரீஸ் கறை இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ போட்ட நிபந்தனையை நான் மறக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் வண்டி ஓட வேண்டும், ஓடாவிட்டால் அதைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னிடம் வந்துவிட வேண்டும். நானும் வீம்புக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அந்த வண்டி போனால் என் டிரைவிங் ஸ்கூலும் போச்சு என்பது உனக்குத் தெரியாதா என்ன, தெரிந்துதான் சொன்னாய். அங்கே வந்து நான் என்ன செய்யப்போகிறேன், நீங்கள் மூன்று பேரும் காலையில் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறீர்கள், அத்தனை உயரத்து ஜன்னலில் நின்று கீழே போகிற கார்களில் எது கிளட்சை விடத் தெரியாமல் குலுங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பாய். வாழவில்லை, ஆனால் இது எனக்குப் பழகின வீடு.

பாலத்தில் ஏறும்போது ஆவி கிளம்பி நின்றுபோனதே, அன்று வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது என்னிடம் கற்றுக்கொள்ளும் நர்ஸ். தான்தான் ஏதோ உடைத்துவிட்டதாக அவள் நடுங்கிப்போய்விட்டாள், பாவம். நீ ரேடியேட்டர் என்று அடித்துச் சொன்னாய், பிரித்துப் பார்த்தால் இஞ்சின்மேல் மூடியாக உட்காரும் ஹெட்டுக்கு அடியில் விரிக்கிற கேஸ்கட் கருகிக் கிடந்தது, போகட்டும், உனக்கு அப்பா கை வரவில்லை, வாய்தான் வந்திருக்கிறது. ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமமாக இழைத்து வாங்கினேன். பட்டறைக்காரர், "திருகித் திருகி பிளாக்குல மரை தளர ஆரம்பிச்சிருக்கும்மா, இனிமே போல்ட்டு வேண்டாம், தலையில்லாத ஸ்டட்டுக் கம்பியா போட்டுடுங்க. ஸ்டட்டு ஒரு தடவ உள்ள போனா போனதுதான், கழட்டி மாட்டறதெல்லாம் மேல நட்டோட போயிடும்" என்றார். மாட்டித் தர ஆள் அனுப்பட்டுமா என்றும் கேட்டார், வேண்டாம் என்றேன். அத்தனை வருஷம் மெக்கானிக் வேலை செய்த உன் அப்பாவுக்கு எதிரில் நின்று பார்த்த எனக்கு ஆள் எதற்கு என்ற திமிர்தான்.

வேலை சுத்தமாகவே செய்தேன், நீ பார்த்திருக்க வேண்டும். பிளாக்கின் மரைக் குழிகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் ஸ்டட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும், அதனால் சைக்கிள் பம்பால் காற்றடித்து, துணியைத் திரித்து விட்டு, திரி வெள்ளையாக வெளியே வருகிறவரை துடைத்தேன். அப்புறம் ஒவ்வொரு ஸ்டட்டாக மரையில் லேசாக எண்ணெய் தடவி விரலால் திருகி இறக்கினேன். ஸ்பேனரைத் தொடவே கூடாது, ஸ்டட்டுக்குக் கையிறுக்கம் போதும், இறுக்கமெல்லாம் பிறகு நட்டில்தான். உன் அப்பா தன் பட்டறையில் "கையிறுக்கம் கையிறுக்கம்" என்று கத்தும்போதெல்லாம் நான், "அதத்தான் உங்களப் பத்தி ஊரே சொல்லுது" என்பேன், அவருக்கும் சிரிப்பு வந்துவிடும். இப்போது நானே வாய்விட்டு "கையிறுக்கம்" என்று சொல்லிக்கொண்டுதான் திருகினேன், பதிலுக்கு நக்கல் பண்ணத்தான் ஆள் இல்லை. எல்லாம் நெட்டுக்குத்தாக நின்றதைப் பார்த்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

உன் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, உனக்குத் தெரியும். ஹெட்டைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும், அவர் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். "அந்தப் பக்கம், பிடி", "அந்தப் பக்கம், மெல்ல" என்று சொல்லிச் சொல்லி அதுவே என் பெயராகிவிட்டது. நான் அடுப்படியில் இருந்தாலும் "அந்தப் பக்கம், காபி இருக்கா" என்பார். நீ ஒன்றாம் வகுப்பில் அம்மா பெயர் என்ன என்று டீச்சர் கேட்டதற்கு "அந்தப் பக்கம்" என்று சொல்லிவைக்க, அந்த அம்மாள் நான் உங்களை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விட்டேன் என்று நினைத்து, வருஷம் முழுக்க உன்னைத் தனியாகச் செல்லம் கொஞ்சினாள். நீயும் விடாமல் வாங்கிக்கொண்டாய், கள்ளன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நேற்று கேஸ்கட்டை விரித்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஹெட்டை ஏற்றிவிடலாம் என்று எழுந்தேன். எழுந்தவள் பழக்கதோஷத்தில் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்றுவிட்டேன். நின்று, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "ம், தூக்கு" என்று சத்தம் வரும் என்று காத்திருந்தேன். தெருவில் யாரோ ஹாரன் அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இந்தப் பக்கம் ஆளே இல்லை. அப்பா போன அன்றுகூட எனக்கு இப்படி இல்லையப்பா, அன்று வீடு நிறைய ஜனம் இருந்தது. நேற்று ஷெட்டில் நானும் ஹெட்டும்தான். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

போல்ட்டாக இருந்திருந்தால் ஒரு ஓரத்தைச் சாய்த்து வைத்து எப்படியாவது தனியாக இறக்கியிருப்பேன். ஸ்டட் நிற்கும்போது அது நடக்காது, இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தூக்கி நேராக இறக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் சிக்கிக்கொள்ளும், கேஸ்கட்டும் கிழியும். உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. நர்ஸ் கேள்விப்பட்டு, "நான் பிடிக்கறேன்க்கா, பேஷன்ட்டத் தூக்கற கைதானே" என்றாள், பட்டறைக்காரரும் ஒரு வார்த்தை சொன்னால் வருவார். நான்தான் யாரையும் கூப்பிடவில்லை. நான் நின்ற இடத்தில் வெளியாள் வந்து நிற்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

நீ வா. ஒரே ஒரு முறை வந்து அந்தப் பக்கம் பிடி. நீ பிடித்தால் வண்டி ஓடும், ஓடினால் நான் இங்கேயே இருந்துவிடுவேன், உன் நிபந்தனையில் நீயே தோற்பாய், அதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி இறுக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன், உன் வேலை பிடிப்பது மட்டும்தான். வர முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடு, கோபப்பட மாட்டேன், நர்ஸைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். "பார்க்கலாம்மா" என்று மட்டும் சொல்லாதே. ஸ்டட்டுகளுக்குத் துணி போர்த்தி வைத்திருக்கிறேன், இந்த ஈரத்தில் அதெல்லாம் உன் "பார்க்கலாம்" முடிகிற வரை காத்திருக்காது, துருப்பிடித்துவிடும்.

பேத்திக்கு என் முத்தம், மருமகளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் எப்போதும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். வருவதானால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா, ஹெட்டைத் தொடும் முன் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும், அப்பா சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இப்போது இந்தப் பக்கம் நிற்கும்
உன் அம்மா